தலைமையாசிரியர் போட்ட சைபர்

"இந்த ஒண்ணு எதுக்கு?" என்றார் தலைமையாசிரியர் சென்னிமலை.

கேட்கும்போதே சிவப்பு மைப் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார். எதிரே நின்ற கணக்கு டீச்சர் ஜெபமலரின் கண் பேனா முனையிலேயே நின்றது. நாமகிரிப்பேட்டைக்கு இரண்டு மைல் தள்ளி இருந்த அந்த உயர்நிலைப்பள்ளியில், அந்தப் பேனா திறந்தால் எதையாவது கீறாமல் மூடியதாகச் சரித்திரமே கிடையாது. திருத்தாமல் கையெழுத்துப் போட்டால் படிக்காமல் போட்டதாக மேலிடம் நினைத்துக்கொள்ளுமாம். தையல் டீச்சர் ராஜம்மாள் ஒரு தடவை 'காய்ச்சல் காரணமாக' என்று லீவு எழுதிக் கொடுத்தாள். முன்னால் 'கடும்' என்று சேர்த்த பிறகுதான் லீவு கிடைத்தது. சொந்த மகளின் கல்யாணப் பத்திரிகையையே அச்சாபீசுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பியவர் அவர். மாப்பிள்ளை பெயர் சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

இப்போது அவர் மேஜையில் கிடந்தது லீவு லெட்டர் அல்ல. கட்டம் கட்டமாக அச்சடித்த பச்சைத் தாள். கட்டத்துக்கு ஓர் எழுத்து. அதில் இருப்பதை மெட்ராஸில் ஒரு பெண் மெஷினில் தட்ட, ஒரு வரிக்கு ஓர் அட்டை வீதம் ஓட்டை விழும். அந்த அட்டைகளைக் கம்ப்யூட்டர் விழுங்கிவிட்டு விடையைக் கக்கும். அறுபத்தேழாம் வருஷத்தில் சேலம் ஜில்லாவில் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தவர்களை ஒரு ஜட்காவில் ஏற்றிவிடலாம். ஜெபமலர் பார்த்ததில்லை. சனிக்கிழமை தோறும் சேலத்துக்குப் போய், லெக்சரர் கைலாசம் நடத்திய வகுப்பில் கரும்பலகையில் மட்டும் அதைத் தெரிந்துகொண்டவள்.

வகுப்பின் கடைசிப் பரீட்சைதான் அந்தத் தாள்; தலைமையாசிரியர் கையெழுத்தோடுதான் போக வேண்டும். எந்த எண்ணைக் கொடுத்தாலும், எத்தனையாவது அடுக்கைக் கேட்டாலும், மெஷின் சரியாகச் சொல்ல வேண்டும். அதற்கான கட்டளைகளை எழுதித் தர வேண்டும். முதல் ஓட்டத்திலேயே சரியான விடை வந்தால் மெட்ராஸில் ஆறு மாதப் பயிற்சி. ஜில்லாவுக்கே இரண்டு இடம். மெஷினில் நேரம் கிடைப்பதே குதிரைக் கொம்பு என்பதால் மறு ஓட்டம் கிடையாது.

ஜெபமலருக்கு அந்த இடம் வேண்டும். வெறியோடு வேண்டும். இதற்கு முன் இரண்டு பெரிய பள்ளிக்கூடங்களில் நேர்முகத்துக்குப் போய் வந்திருக்கிறாள். கணக்கைப் பற்றி எவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. "கல்யாணம் எப்போ?" என்றார்கள். "ஆனதும் வேலையை விட்டுருவீங்களே?" என்றார்கள். ஒருவர் அவளுடைய பங்குச் சாமியார் பெயரை விசாரித்தார். மெஷின் இதையெல்லாம் கேட்காது. எழுதியது சரியா, தப்பா? அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து அப்படி ஒரு பரீட்சைக்காரரை அவள் சந்தித்ததில்லை.

"ஏன் டீச்சர் பேசாம நிக்கறீங்க? இந்த ஒண்ணு எதுக்குன்னேன்."

"ஆரம்பிக்கறதுக்குங்க சார். பி-ன்னு ஒரு பெட்டி. அதுல மொதல்ல ஒண்ணு வைக்கிறோம். அப்புறம் கொடுத்த எண்ணால பெருக்கி, வந்ததைத் திரும்ப அதே பெட்டியில போடறோம். எத்தனையாவது அடுக்கோ அத்தனை தடவை. ரெண்டோட அஞ்சாம் அடுக்குன்னா ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும், எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு. முடிஞ்சுது."

"பி சமம் பி பெருக்கல் எக்ஸ்னு எழுதியிருக்கீங்க. அப்படீன்னா எக்ஸ் ஒண்ணுன்னுதானே அர்த்தம்? அல்ஜீப்ரா மறந்து போச்சா?"

"அது சமன்பாடு இல்லீங்க சார். கட்டளை. வலது பக்கத்தைக் கணக்குப் போட்டு இடது பக்கத்துப் பெட்டியில வைன்னு மெஷினுக்குச் சொல்றது."

"சரி, அது உங்க கைலாசம் சொல்லிக் குடுத்தது. அதை நான் தொடலை." பெரிய மனசு பண்ணினார். "ஆனா ஒண்ணுமில்லாத பெட்டியில ஒண்ணு எங்கிருந்து வந்துச்சு? புதுசா ஒரு கணக்கு ஆரம்பிக்கறோம். ஆரம்ப இருப்பு என்ன? சைபர். புது ஊட்டுக்குக் குடி போறோம். அடுப்புப் பத்த வைக்கறதுக்கு முன்னால சட்டியில என்ன இருக்கு? சைபர்."

"கூட்டல் கணக்குக்குச் சைபர் சரிங்க சார். இது பெருக்கல். சைபரை எதால பெருக்கினாலும்..."

"நீங்க பொறந்தப்பவே நான் கணக்கு வாத்தியாருங்க."

பேனா இறங்கியது. ஒன்றின் மேல் கொழுத்த சிவப்பு வட்டம். பக்கத்தில் ஒரு சுருக்கொப்பம். அடியில் முழுக் கையெழுத்து, முத்திரை. ஜெபமலரின் கண் முன்னாலேயே தாள் உறைக்குள் போனது. உறை அரக்கு வைத்து மூடப்பட்டது.

"சார், ஒரு தடவை கையால போட்டுப் பாருங்க. ஒரே தடவை."

"முறைப்படி போற காகிதம். பியூன் மத்தியான பஸ்ஸில கொண்டு போயி கைலாசம் கையில குடுத்துருவான். அவர் இன்னைக்குச் சாயங்கால வண்டியில மெட்ராஸ் போறார். நீங்க பத்தாம் வகுப்புக்குப் போங்க. மணி அடிச்சாச்சு."

அவ்வளவுதான்! ராப்பகலாக யோசித்த வேலை, ஒரு மனுஷனுக்குக் கை அரித்ததால் நாசமானது.

ஆசிரியர் அறையில் ராஜம்மாள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டுத் தலையில் தட்டிக்கொண்டாள்.

"உனக்குப் பொழைக்கத் தெரியலை கண்ணு. நீயே வேணும்னு ஒரு தப்பு வச்சுக் குடுத்திருக்கோணும். அதைத் திருத்திப்போட்டு மத்ததை உட்டிருப்பாரில்ல? நாங்கெல்லாம் அப்படித்தான். நான் லீவு லெட்டர்ல தேதியை மாத்திப் போட்டுருவேன். அவருக்கும் சந்தோசம், எனக்கும் லீவு."

"சரியா எழுதத் தெரிஞ்சவ, தப்பா எழுதிக் கொடுக்கணுமாக்கா?"

"ஊரே அப்படித்தான் எழுதுது."

"அதனாலதான் அவர் இப்படி ஆயிட்டார்! எல்லாருமாச் சேர்ந்து தீனி போட்டு வளர்த்துட்டு, இன்னைக்கு என் மேல பாயறப்ப எனக்குப் புத்தி சொல்றீங்க."

ராஜம்மாள் நூலை விட்டுவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபித்துக்கொள்ளவில்லை.

"அதுவும் நெசந்தான்," என்றாள். "இப்ப என்ன பண்ணப் போறே?"

"சேலம் போறேன். கைலாசம் சார் ரயில் ஏறறதுக்குள்ள பிடிக்கணும்."

"ஹெட்மாஸ்டரு பர்மிசன் தரமாட்டாரு."

"கேட்டேன். தரலை."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, போறேன்."

மத்தியானம் பியூன் உறையோடு பஸ் ஏறியதை வகுப்பு ஜன்னல் வழியாக ஜெபமலர் பார்த்தாள். கடைசிப் பாடவேளை ராஜம்மாளின் தையல் வகுப்பாக மாறியது. பத்தாம் வகுப்புப் பையன்கள் முதல்முறையாகப் பொத்தான் தைக்கக் கற்றுக்கொண்டிருந்த நேரத்தில், கணக்கு டீச்சர் பள்ளிக்கூடத்தின் பின்வேலியைத் தாண்டி, சேலையில் முள் கிழித்த கிழிசலோடு ரோட்டுக்கு வந்து நின்றாள்.

பஸ் வரவில்லை. ராசிபுரம் போகும் வழியில் அச்சு முறிந்து நிற்கிறது என்று சைக்கிளில் வந்த ஒருவர் சொன்னார். அடுத்தது பொழுது சாய்ந்துதான்.

மஞ்சள் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. ஜெபமலர் ரோட்டின் நடுவில் போய் நின்றாள். கையைக்கூட ஆட்டவில்லை. சும்மா நின்றாள். லாரி அவள் மூக்குக்கு முன்னால் வந்து கிறீச்சிட்டு நின்றது.

"ஏனுங்கம்மிணி, சாகறதுக்கு வேற லாரி கெடைக்கலீங்களா?" டிரைவர் தலையை நீட்டினான். பெயர் பொன்னன் என்பது பின்னால் தெரிந்தது. மீசையிலிருந்து பனியன் வரை மஞ்சள் தூள்.

"சேலம் போகணும். ரயிலைப் பிடிக்கணும்."

"பொம்பளையாளை ஏத்தினா ஊர்ல பேசுவாங்கோ."

"பேசட்டும். இன்னைக்கு எனக்கு அதுக்கெல்லாம் நேரமில்லை."

பொன்னன் ஒரு வினாடி யோசித்தான். கதவு திறந்தது.

ராசிபுரம் தாண்டும் வரை அவன் வாயைத் திறக்கவில்லை. தாண்டியதும் பொறுக்க முடியவில்லை. "யாரைப் புடிக்கப் போறீங்க? பணத்தைக் கிணத்தைத் தூக்கிட்டு ஓடிட்டானுங்களா?"

"இல்லை. ஒரு காகிதத்துல நான் ஒண்ணுன்னு எழுதியிருந்தேன். ஒருத்தர் அதை சைபராக்கிட்டார். அதை மாத்தணும்."

பொன்னன் ரோட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி ரோட்டைப் பார்த்தான்.

"ஒரு சைபருக்காங்க லாரிக்கு முன்னால வந்து உழுந்தீங்க?"

"ஆமா."

"எங்க மொதலாளி என்ற சம்பளத்துக்குப் பொறத்தாண்டி ஒரு சைபரைப் போட்டுக் குடுத்தா, நானும் அவரு கால்ல உழுவேனுங்க. சைபர் பொல்லாததில்லீங்க அம்மிணி, நிக்கற எடத்தைப் பொறுத்தது."

ஜெபமலருக்குச் சிரிப்பு வரவில்லை. மல்லூர்ப் பக்கம் ஆடுகள் ரோட்டை மறித்தன. பொன்னன் ஹாரனை அழுத்திப் பிடித்தான். ஆடுகள் அசையவில்லை. ஆட்டுக்காரர் நிதானமாகப் பீடி பற்றவைத்தார். ஜெபமலர் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். கைகொட்டி, சேலை முந்தானையை வீசி, பத்தாம் வகுப்புக் கடைசி பெஞ்சை அடக்கும் குரலில் ஒரு அதட்டல் போட்டாள். ஆடுகள் சிதறின. ஆட்டுக்காரரும் இரண்டடி பின்வாங்கினார்.

"நீங்க டீச்சருங்களா?" என்றான் பொன்னன், அவள் ஏறியதும்.

"ஏன்?"

"எனக்கே கை கட்டோணும்னு தோணிப்போச்சுங்க."

செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கு முன்னால் லாரி நிற்க வேண்டும். நிற்கவில்லை. மூட்டையை இறக்கக் காத்திருந்தவர்கள் பின்னால் கத்தியது காதில் விழுந்தது. "கத்தட்டுமுங்க," என்றான் பொன்னன். மஞ்சள் மூட்டைகளோடு லாரி சூரமங்கலம் வரை போய், ஜங்ஷன் வாசலில்தான் நின்றது. ஜெபமலர் குதித்தாள். நன்றி சொன்னாளா என்று அவளுக்கே நினைவில்லை.

பிளாட்பாரத்தில் வண்டி நின்றுகொண்டிருந்தது. லெக்சரர் கைலாசம் பெட்டி வாசலில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தார். சேலத்து நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. இங்கிலீஷில் பாடம் நடத்தினாலும் கோபம் வந்தால் நெசவாளர் வாழும் குகைப் பகுதித் தெருத் தமிழ் வரும். கெட்டவர் இல்லை. அது இன்னும் மோசம் என்று ஜெபமலர் சற்று நேரத்தில் கண்டுபிடிக்கப் போகிறாள்.

"ஜெபமலர்! என்னம்மா இது, மஞ்சள்ல குளிச்சுட்டு வந்திருக்கீங்க?"

"சார், என் தாளைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். பியூன் கொண்டு வந்தான்."

"சைபரைப் பார்த்தீங்களா?"

கைலாசம் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "பார்த்தேன்."

"அது வேலை செய்யுமா?"

"செய்யாது. எதைப் பெருக்கினாலும் சைபர்தான் வரும்."

"தெரிஞ்சுமா எடுத்துட்டுப் போறீங்க?"

"நான் என்னம்மா செய்யறது? தலைமையாசிரியர் திருத்தம், சுருக்கொப்பம், முத்திரை எல்லாம் இருக்கு. அதை நான் மாத்தினா போர்ஜரி. நீங்க மாத்தினாலும் போர்ஜரி. அவரே மாத்தணும்."

"அவர் இங்க இல்லை. வண்டி கிளம்பப் போகுது."

"அடுத்த வருஷம் மறுபடி வகுப்பு வச்சா..."

"வைப்பீங்களா?"

வைப்பது நிச்சயமில்லை என்று இருவருக்கும் தெரியும்.

ஜெபமலருக்குள் காலையிலிருந்து கொதித்தது இப்போது வழிந்தது. "ஒரு மருந்துக் கடைக்காரர்கிட்ட சீட்டு வருது. அதுல எழுதியிருக்கற மருந்து ஆளைக் கொல்லும்னு அவருக்குத் தெரியுது. டாக்டர் கையெழுத்து இருக்கேன்னு எடுத்துக் குடுப்பாரா? ஹெட்மாஸ்டர் தெரியாம செஞ்சார் சார். நீங்க தெரிஞ்சு செய்யறீங்க. யார் மேல நான் அதிகமாக் கோபப்படணும்?"

பக்கத்து ஜன்னலில் இருந்த ஒரு பெரியவர் பேப்பரை மடித்துவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார். கைலாசத்துக்கு முகம் சிவந்தது.

"கத்தாதீங்க. எனக்கு மட்டும் இது பிடிச்சிருக்கா? வகுப்பிலேயே உங்க தாள்தான்... சரி, அதை இப்பச் சொல்லி என்ன ஆகப் போகுது? எழுதினதை அழிக்க எனக்கு அதிகாரம் இல்லை. அவ்வளவுதான்."

"அழிக்க வேண்டாம்."

அந்த வார்த்தை வாயிலிருந்து வந்த பிறகுதான் அதன் அர்த்தம் ஜெபமலருக்கே புரிந்தது. அவள் அப்படியே நின்றாள்.

"அழிக்க வேண்டாம் சார்," என்றாள் மறுபடி, மெதுவாக. "சேர்க்கலாமா? கூடுதல் வரி சேர்க்கக் கூடாதுன்னு விதி இருக்கா?"

"கூடுதல் தாள் வைக்கலாம். கடைசி நேரத்தில் விட்டுப்போன வரி இருந்தா வைக்கலாம்னு நானே வகுப்பில் சொல்லியிருக்கேன். அதுக்குத் தலைமையாசிரியர் கையெழுத்தும் வேண்டாம். ஆனா சைபர் இருக்கற வரைக்கும் என்னத்தைச் சேர்த்து..." அவர் நிறுத்தினார். அவருக்கும் புரிந்துவிட்டது. "அடிப்பாவி."

"தாள் குடுங்க சார்."

பெட்டிக்குள் ஏறி, அவருடைய தோல்பையை மடியில் வைத்துக்கொண்டு, பச்சைத் தாளில் கட்டம் கட்டமாக எழுதினாள். சைபர் வரிக்கு அடுத்துச் சேர்க்க ஒரே வரி. பி-யில் இருப்பதோடு ஒன்றைக் கூட்டி, மறுபடி பி-யில் வை. தலைமையாசிரியரின் சைபர் பெட்டிக்குள் போகும். உடனே அதன் தலையில் ஒன்று ஏறும். பெருக்கல் ஆரம்பிக்கும்போது பெட்டியில் இருப்பது ஒன்று. திருத்தம் திருத்தமாகவே இருக்கும், விடையும் வரும்.

கைலாசம் வாங்கிப் பார்த்தார். விரலால் வரி வரியாக ஓட்டிப் பார்த்தார். "ஓடும்," என்றார். "கட்டாயம் ஓடும். யாருக்கும் மனஸ்தாபம் இல்லை. குடுங்க, உறையில் வைக்கிறேன்."

ஜெபமலர் கொடுக்கவில்லை.

யாருக்கும் மனஸ்தாபம் இல்லை. அதைக் கேட்டதும்தான் அவளுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. மெட்ராஸில் ஒருவர் இந்தத் தாளைப் படிப்பார். முதலில் சைபர் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் ஒன்றைக் கூட்டிக்கொள்கிறாள் ஒரு டீச்சர். நேராக ஒன்று என்று எழுதத் தெரியாதவள். சுற்றி வளைத்து மூக்கைத் தொடுகிறவள். தாளின் தலையில் இருக்கும் பெயர் யாருடையது? ஜெபமலருடையது. அந்த அசட்டுத்தனம் ஆயுசுக்கும் அவள் பேரில் நிற்கும். விடை சரியாக வந்தால் சென்னிமலை என்ன சொல்வார்? என் திருத்தத்தோடு போன தாள்தான் ஜெயித்தது என்பார். ஊரே நம்பும்.

"சார், முதல் கட்டத்துல சி-ன்னு எழுத்துப் போட்டா அந்த வரியை மெஷின் என்ன செய்யும்?"

"தாண்டிப் போயிரும். அது கட்டளை இல்லை, குறிப்பு. படிக்கிற மனுஷங்களுக்காக. விடையோட சேர்த்து அச்சில் மட்டும் வரும். வகுப்பில் சொன்னேனே... எதுக்குக் கேக்கறீங்க?"

அந்த வரிக்கு மேலே காலியாக இருந்த கட்டங்களில் அவள் ஏற்கெனவே எழுத ஆரம்பித்திருந்தாள். சி. பிறகு இங்கிலீஷ் பெரிய எழுத்தில், கட்டத்துக்கு ஒன்றாக. ஒரு வரி போதவில்லை, இரண்டு வரி. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

'மேலே உள்ள சைபர் என் தலைமையாசிரியருடையது. கீழே உள்ள ஒன்று என்னுடையது. ஜெபமலர்.'

கைலாசம் படித்தார்.

"வேண்டாம்மா. இது இல்லாமலே ஓடும்."

"தெரியும்."

"தேர்வுக் கமிட்டிக்காரங்க படிப்பாங்க. அச்சடிச்ச பிரதி ஒண்ணு உங்க பள்ளிக்கூடத்துக்கும் போகும். அவர் உங்களைச் சும்மா விடுவாரா?"

"காலையில அவர் ஒரு சைபர் போட்டார். பக்கத்துல யார் போட்டதுன்னு அடையாளமும் போட்டார். என் ஒண்ணுக்கு நான் அடையாளம் போடக் கூடாதா? சைபரோட சொந்தக்காரருக்கு மரியாதை உண்டு, ஒண்ணுக்குச் சொந்தக்காரி மட்டும் வாயை மூடிட்டு இருக்கணுமா?"

கார்டு விசில் ஊதினார். ஜன்னல் பெரியவர், "வாங்கி வைப்பா, அந்தப் பொண்ணு இறங்கட்டும்," என்றார். கைலாசம் தாளை வாங்கி உறைக்குள் செருகினார். நகர ஆரம்பித்த வண்டியிலிருந்து ஜெபமலர் இறங்கினாள்.

சொல்லாமல் வெளியேறியதற்கு மறுநாள் மெமோ வந்தது. அவளுடைய பதிலிலும் இரண்டு இடத்தில் சிவப்பு மை விழுந்தது. அதற்குப் பிறகு மெட்ராஸ் தபால் வரும் வரை பள்ளிக்கூடத்தில் எதுவும் நடக்கவில்லை. ராஜம்மாள் மட்டும் தினம் தபால்காரரை வழிமறித்துக் கொண்டிருந்தாள்.

தபால் வந்த அன்று சென்னிமலை அதை ஆசிரியர் அறைக்கே எடுத்து வந்தார். முகமெல்லாம் பல். கையில் மடிப்பு மடிப்பாக நீண்ட காகிதம், ஓரமெல்லாம் ஓட்டை.

"எல்லாரும் கேளுங்க. நம்ம ஜெபமலர் டீச்சர் தேர்வாயிட்டாங்க. ரெண்டின் அஞ்சாம் அடுக்கு முப்பத்திரண்டு. மூணின் நாலாம் அடுக்கு எண்பத்தொண்ணு. மெஷின் கரெக்டாச் சொல்லியிருக்கு. எப்படி? நான் அன்னைக்கே சொன்னேன், ஆரம்ப இருப்பு சைபர்னு. டீச்சர் என்னோட சண்டைக்கு வந்தாங்க. இப்பப் பாருங்க, அச்சிலேயே இருக்கு. பி சமம் சைபர்!" காகிதத்தை ராஜம்மாளிடம் நீட்டினார். "படிங்கம்மா. சத்தமாப் படிங்க."

ஜெபமலர் ஜன்னல் பக்கம் நின்றாள். நகரவில்லை.

ராஜம்மாளுக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வரும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். "பி... சமம்... சைபர்."

"ஆங்!" என்றார் சென்னிமலை.

"சி. மேல இருக்கற... சைபரு... என்ற... ஹெட்மாஸ்டரோட..." ராஜம்மாள் நிறுத்தி, அடுத்த வரியை மனசுக்குள் படித்தாள். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒரு எழுத்து விடாமல், முன்னைவிடச் சத்தமாக வாசித்தாள். "கீழ இருக்கற ஒண்ணு என்னோடது. ஜெபமலர். பி சமம் பி கூட்டல் ஒண்ணு."

டிராயிங் மாஸ்டர் திடீரென்று இருமினார். இருமல் நிற்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

"என் அறைக்கு வாங்க," என்றார் சென்னிமலை.

அறையில் அவர் உட்காரவில்லை. காகிதத்தை மேஜையில் போட்டார். "இந்த வரியை மெஷின் படிச்சுதா?"

"இல்லீங்க சார். தாண்டிப் போயிரும்."

"கணக்குக்கு இது தேவையா?"

"கணக்குக்குத் தேவையில்லை."

"அப்ப என்னை அசிங்கப்படுத்தத்தான் எழுதினீங்க."

"சார், அந்த வரியில பொய் ஏதாவது இருக்கா? சைபர் உங்களோடது இல்லைன்னு சொல்லுங்க. மன்னிப்பு எழுதித் தர்றேன்."

சென்னிமலை மேஜைக் கண்ணாடியைத் தடவினார். கொஞ்ச நேரம் வயதான மனுஷனாகத் தெரிந்தார். பிறகு மறுபடி தலைமையாசிரியரானார்.

"அந்தக் குறிப்பு கவனக்குறைவா எழுதினதுன்னு கமிட்டிக்கு ஒரு லெட்டர் எழுதுங்க. எழுதினா ஆறு மாச லீவுக்குக் கையெழுத்துப் போடறேன். வேலை உங்களுக்காகக் காத்திருக்கும். இல்லைன்னா லீவு கிடையாது. போகணும்னா வேலையை விட்டுட்டுப் போகலாம். திரும்பி வந்தா இடம் இருக்காது."

"கவனமாத்தாங்க சார் எழுதினேன். அன்னைக்கு முழுக்க நான் கவனமா எழுதினது அது ஒண்ணுதான்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"காகிதம் குடுங்க சார். இங்கேயே எழுதித் தர்றேன்."

அவர் முகத்தில் நிம்மதி பரவியது. இழுப்பறையிலிருந்து வெள்ளைத் தாள் எடுத்து, அவளுக்கு நாற்காலியைக்கூட இழுத்துப் போட்டார். ஜெபமலர் உட்கார்ந்து எழுதினாள். மூன்று வரி. தேதி. கையெழுத்து. தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

ராஜினாமா.

"ஏம்மா, ஒரு வரிக்காகவா?" என்றார் சென்னிமலை. அந்தக் குரலில் இப்போது கோபமே இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"ஒரு எழுத்துக்காக நான் லாரியில ஏறி சேலம் போனேன் சார். அப்பவே நீங்க கேட்டிருக்கணும்."

அவள் வெளியே வந்தபோது ராஜம்மாள் வாசலிலேயே நின்றாள். ஒட்டுக் கேட்டதை மறைக்கக்கூட இல்லை. இருவரும் ரோட்டுக்கு நடந்தார்கள்.

"ஊட்டுக்குப் போயி அம்மாகிட்ட என்ன சொல்லுவே?"

"இடம் கிடைச்சுதுன்னு மொதல்ல சொல்லுவேன்."

"ரெண்டாவதா?"

"ரெண்டாவது நாளைக்குச் சொல்லுவேன்."

"ஆறு மாசம் முடிஞ்சு?"

"தெரியலைக்கா." ஜெபமலர் பஸ் வரும் திசையைப் பார்த்தாள். "பயமாத்தான் இருக்கு. ஆனா அந்த லெட்டரை எழுதிட்டுப் போயிருந்தா, அவர் அந்தக் காகிதத்தைக் கண்ணாடி போட்டு மாட்டி, வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் சைபரைக் காட்டிட்டிருப்பார். நான் ஆயுசுக்கும் அதுக்குத் தலையாட்டிட்டு இருக்கணும்."

சேலம் பஸ் வந்தது. கண்டக்டர் கதவைத் தட்டினான். "சேலம், சேலம்! ஏறுங்க டீச்சர், பள்ளிக்கூடம் உடறதுக்குள்ள எங்கீங்க கெளம்பிட்டீங்க?"

"மெட்ராஸுக்கு," என்று ராஜம்மாள் முந்திக்கொண்டு சொன்னாள். "கம்ப்யூட்டர் படிக்கப் போகுது. மொத சீட்டுல எடம் போட்டுக் குடு."